அறுபத்தோராம் பக்கத்து ஆள்

லோவெல் வோண்ட்ராவின் இடது காலில் மூன்று விரல்கள் மிச்சம் இருந்தபோது படைவீரர் கோரிக்கை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாட்டுக்காக அவர் பட்ட பாட்டை அலுவலகம் மனதாரப் போற்றுகிறது என்றும், அப்படிப் பட்டார் என்பதற்குத்தான் சான்று எதுவும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

அவருக்கு எழுபத்து நான்கு வயது. அயோவாவில் ஒரு தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால், 1950 டிசம்பரில், கொரியாவின் வடக்கே ஓர் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று 906-ஆம் பாலப் பட்டாளத்தோடு மிதவைப் பாலம் கட்டியிருந்தார். அன்று மரத்துப்போன பாதங்கள் ஐம்பது வருடம் பொறுமையாக இருந்துவிட்டு இப்போது ஒவ்வொரு விரலாகக் கறுக்கத் தொடங்கியிருந்தன. படைவீரர் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பாதப் பிரிவு இருந்தது. அங்கே சேர்ந்தால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று ஊர் டாக்டர் சொன்னார். அங்கே சேர வேண்டுமானால் கோரிக்கை ஏற்கப்பட வேண்டும். ஏற்கப்பட வேண்டுமானால் அவர் கொரியாவில் இருந்திருக்க வேண்டும். இருந்தார் என்று சொல்லக்கூடிய பதிவுகளோ எழுபதுகளில் ஒரு தீ விபத்தில் சாம்பலாகியிருந்தன.

"புத்தகத்துல நான் இருக்கேன்," என்றார் லோவெல். "பட்டாளத்தோட வரலாறு. நீல அட்டை, டோக்கியோல அச்சடிச்சது. அறுபத்தொன்னாம் பக்கத்துல பாலத்துக்கிட்ட அஞ்சு பேரு நிக்கிறோம். கீழ தேதி, ஊரு, பேரு எல்லாம் போட்டிருக்கு."

அவர் மனைவி அர்லீன் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எது, நீ தூக்கிக் கொடுத்தியே அந்தப் புத்தகமா?"

கொடுத்தது உண்மைதான். ஏழு வருடம் முன்பு வீரர் வரலாற்று ஆய்வு மையத்தின் வேன் சர்ச் மண்டபத்துக்கு வந்தது. 'உங்கள் பரணில் தூங்குவது தேசத்தின் நினைவு' என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. காபியும் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் கொடுத்தார்கள். பட்டாள வரலாறுகள், கப்பலில் அச்சிட்ட செய்தித்தாள்கள், விருந்துச் சாப்பாட்டுப் பட்டியல்கள், மறுசந்திப்பு நிகழ்ச்சி நிரல்கள் என்று அச்சான எதுவானாலும் கொண்டுவாருங்கள், வீரர்களின் பிற்கால ஆய்வுக்கு உதவும் என்றார்கள். லோவெல் ஒரு ஷூ பெட்டி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார். பதிலுக்குத் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அது அவர் தானம் செய்தார் என்பதற்கான சான்று. அதையும் கோரிக்கை அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்த்தார். கொரியாவில் இருந்தவர்தான் தானம் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை என்று பதில் வந்தது.

ஆக, அர்லீன் பிக்கப் வண்டியை ஓட்ட, ஒன்றரை மணி நேரம் சோளக்காடுகளைத் தாண்டி இருவரும் மையத்துக்குப் போனார்கள்.

வாசலில் காவலாளி எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, "உங்க சேவைக்கு நன்றி," என்றார். கோட்டு மாட்டும் இடத்தில் இருந்தவரும் அப்படியே செய்தார். வாசிப்பறை மேசையில் இருந்த கோரின் டேஸ் என்ற பெண் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுக்க லோவெல் கை நீட்டியபோது மறுபடி எழுந்து சொன்னாள். அது மையத்தின் விதி. வீரரின் கை அசையும்போதெல்லாம் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

"எந்த வகை வாசகர் சார்? பேராசிரியர், நூலாசிரியர், சேகரிப்பாளர், வீரரின் வாரிசு. நாலுல ஒன்னு டிக் பண்ணணும்."

"நான் வீரர்மா."

கோரின் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அந்தக் கட்டம் இல்லை.

"மையமே வீரர்களுக்காகத்தான் சார் இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. வாரிசுன்னே போட்டுக்கலாம். அந்த வீரருக்கு நீங்க என்ன உறவு?"

"நான்தான் அவர்."

"அது உறவு இல்லையே சார்." சற்று யோசித்து, 'மிக நெருங்கிய உறவு' என்று எழுதினாள். "அப்போ வீரரோட சம்மதக் கடிதம் வேணும். இல்லன்னா அவரோட இறப்புச் சான்றிதழ். பெரும்பாலும் எல்லாரும் இறப்புச் சான்றிதழ்தான் கொண்டுவருவாங்க. அதுதான் சுலபம்."

"அவருக்கு அது கொஞ்சம் சிரமம்," என்றாள் அர்லீன்.

லோவெல் அங்கேயே உட்கார்ந்து, லோவெல் வோண்ட்ராவின் பக்கத்தைப் பார்க்க லோவெல் வோண்ட்ராவுக்குத் தன் முழுச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கோரின் அதை இரண்டு முறை படித்து, நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினாள். கையெழுத்தை மட்டும் அசல் படைப் பதிவுகளில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும் என்றாள்.

"அதெல்லாம் எரிஞ்சுபோச்சே."

"ஆமா சார். அதனாலதான் எங்க மையத்தையே ஆரம்பிச்சாங்க."

அன்று அவருக்கு மொத்தம் ஒன்பது முறை நன்றி சொல்லப்பட்டது. வீடு திரும்பி ஷூவைக் கழற்றியபோது நடுவிரலின் நுனி நீலமாகியிருந்தது.

அடுத்து மையத்திலிருந்து வந்தது அழைப்பிதழ். இயக்குநர் டாக்டர் கிரேடன் ப்ளைத் அவர்கள் வீரர் வணக்க நாளில் அவரைச் சந்திக்க விரும்புகிறார். லோவெல்லுக்கு நம்பிக்கை வந்தது. பெரிய மனிதர், ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடந்துவிடும். கோட்டுப் போட்டுக்கொண்டார். வலது காலில் ஷூவும் இடது காலில் அர்லீன் நறுக்கித் தைத்த கம்பளிச் செருப்பும் போட்டுக்கொண்டார்.

மேடையில் அவரை நிற்க வைத்தார்கள். வணங்கப்படுபவர் உட்கார்ந்திருப்பது படத்தில் நன்றாக விழாது என்று சொன்னார்கள். ப்ளைத் நாற்பது நிமிடம் பேசினார். உயரமான, சுத்தமான மனிதர். படை விருந்துப் பட்டியல்களின் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"நம்மகிட்ட இப்போ ஏழாயிரத்து இருநூறு விருந்துப் பட்டியல்கள் இருக்கு," என்றார் மைக்கில். "இவங்க என்ன கஷ்டப்பட்டாங்கன்னு யாரும் சரியா சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க. ஆனா என்ன சாப்பிட்டாங்கன்னு என்னால துல்லியமா சொல்ல முடியும். இதோ நம்ம மிஸ்டர் வோண்ட்ரா. 1950 நன்றித் திருநாள்ல இவரோட பட்டாளம் வறுத்த வான்கோழி, கிரான்பெர்ரி சாஸ், பூசணிப் பை சாப்பிட்டிருக்கு. அச்சுல இருக்கு. கேட்டுப் பாருங்க."

மைக்கை லோவெல்லிடம் நீட்டினார்.

"பட்டியல் வந்துச்சு," என்றார் லோவெல். "சாப்பாடு வரல. வான்கோழி கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு. கோடாலியால வெட்டுனோம், கோடாலிதான் உடைஞ்சுச்சு. பட்டியலத்தான் அடுப்பு பத்த வைக்க எரிச்சோம். நான் ஒன்னே ஒன்னு எடுத்து வச்சுக்கிட்டேன்."

ப்ளைத் மைக்கைப் பதமாக வாங்கிக்கொண்டார்.

"பாருங்க, இதைத்தான் நாங்க சொல்றது. ஞாபகம் மனுஷனை ஏமாத்தும். ஆவணம் ஏமாத்தாது. ரெண்டும் மோதுனா நாங்க ஆவணத்தோட பக்கம்தான் நிப்போம். ஆனா எரிச்சோம்னு சொன்னாரே, அது என்னை ரொம்ப வேதனைப்படுத்துது. எத்தனை பிரதி இருந்திருக்கும் மிஸ்டர் வோண்ட்ரா?"

"நூத்தம்பது இருக்கும்."

ப்ளைத் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள்.

விழா முடிந்ததும் லோவெல் அவரைப் படிக்கட்டருகே பிடித்துவிட்டார். "டாக்டர், அறுபத்தொன்னாம் பக்கம் ஒரு நகல் கிடைச்சா போதும். என் காலு போயிட்டிருக்கு."

"அந்தப் பக்கமா?" ப்ளைத்தின் முகம் மாறியது. அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அந்தப் பக்கத்தோட கீழ் ஓரம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. நல்லவேளை, ஆரம்பத்துலயே பாத்துட்டோம். உடனே தனி அறைக்கு மாத்திட்டோம். பதினெட்டு டிகிரி, இருட்டு, ஈரம் படாம. வெளியூர்லேர்ந்து ஒரு நிபுணர் வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து பாக்குறார். இப்போ பரவ விடாம நிறுத்தியாச்சு. இந்த நேரத்துல நகல் எடுக்குற வெளிச்சம் பட்டா என்ன ஆகும்னு யோசிங்க."

"கறுப்பு நின்னுடுச்சா?"

"முழுசா நின்னுடுச்சு."

லோவெல் தன் கம்பளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எப்படி நிறுத்துனாங்க?" என்று கேட்டார். ப்ளைத் மகிழ்ச்சியோடு விளக்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் நடுவிரல் போனது. வசந்தத்தில் அதன் அடுத்தது. அதற்குள் அர்லீன் ஆறு கடிதம் எழுதியிருந்தாள். ஆறாவது கடிதத்துக்கு வந்த பதிலில், அவர் விஷயம் மெய்ம்மை ஆய்வுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள். குழு கோடைக்காலம் முழுக்கக் கூடியது. லோவெல்லை நேரே, பக்கவாட்டில், தொப்பியோடு, தொப்பி இல்லாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினார். செப்டம்பரில் கடிதம் வந்தது. அர்லீன் அதை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து படித்தாள். உள்ளே அவள் கணவரின் இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

'61-ஆம் பக்கத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் வீரரின் பெயர் எல். வாண்ட்ரா என்று அச்சாகியுள்ளது. தாங்கள் எல். வோண்ட்ரா. எனவே தாங்கள் அவர் அல்லர் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். திரு. வாண்ட்ராவைப் பற்றி மையத்திடம் வேறு தகவல் இல்லை. அவரைத் தாங்கள் அறிந்திருந்தால், அவர் தியாகத்துக்கு மையம் தலைவணங்குகிறது என்பதை அவர் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.'

மயக்கம் தெளிந்ததும் லோவெல் கேட்டார்: "என்ன எழுதியிருக்கான்?"

"நீ நீ இல்லையாம். உனக்குத் தெரிஞ்ச வேற ஒருத்தனாம். அவன் குடும்பத்துக்கு வணக்கம் சொல்லச் சொல்றான்."

"நீதானே குடும்பம்."

"ஆமா. சொல்லிக்கிட்டேன்," என்றாள் அர்லீன்.

நவம்பரில் வலது காலின் சுண்டுவிரல் கறுத்தது. அன்று மாலை அர்லீன் பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலை லோவெல்லைச் சக்கர நாற்காலியோடு வண்டியில் ஏற்றி மையத்துக்குப் போனாள். இந்த முறை படிவத்தை அவளே வாங்கினாள். 'சேகரிப்பாளர்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"என்ன சேகரிக்கிறீங்க மேடம்?" என்றாள் கோரின்.

"உங்க மையத்துலேர்ந்து வர்ற கடிதங்களை. பதினோரு கடிதம் சேர்ந்திருக்கு. எல்லாம் அசல்."

கோரினின் முகம் மலர்ந்தது. 'தற்கால நிறுவனக் கடிதங்கள்' என்று எழுதி, நான்கு நிமிடத்தில் அனுமதி அட்டையைக் கொடுத்தாள். கூட வந்த கிழவருக்கு 'உடன் வருபவர்' என்று ஒரு சீட்டு ஒட்டினாள். 906-இன் வரலாற்றுப் புத்தகத்தைக் கேட்டதும், ஒரு துல்லியமான தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு, சின்ன மெத்தை ஒன்றின் மேல் அதைக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள்.

அறுபத்தோராம் பக்கம். ஐந்து பேர் நின்றார்கள். இடமிருந்து இரண்டாவது மெர்ல் டோஸ்ட்ரூட். படம் எடுத்த மூன்றாம் நாள் அதே ஆற்றில் உயிர் போனவன். அவன் பெயரைச் சரியாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் காதுகளைத் தொப்பிக்குள் திணிக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தோரு வயது. இரண்டு கால்களும் தண்ணீரில்.

"இவ்ளோ பெரிய காதா உனக்கு?" என்றாள் அர்லீன்.

"குளிர்ல விறைச்சிருக்கு," என்றார் லோவெல்.

பிறகு அவர் விதியை மதித்து, கையுறையைக் கழற்றாமலேயே பக்கத்தைக் கிழித்தார். மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது காவலாளி எழுந்து நின்று நன்றி சொன்னார்.

அங்கிருந்து நேரே கோரிக்கை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமையா இருக்கு சார். ஆனா இது பக்கம்தான். எந்தப் புத்தகத்தோட பக்கம்? படத்துல இருக்கிறது நீங்கதான்னு யார் சொல்றா? பேரு வேற தப்பா இருக்கு. வரலாறு தெரிஞ்ச நிறுவனம் ஏதாவது முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தா போதும்," என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் ஷெரிஃப் அலுவலகத்தின் இரண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். புத்தகத்தைத் திரும்ப எடை போட்டபோது நான்கு கிராம் குறைந்திருந்ததாம்.

வழக்கு மார்ச் மாதம் விசாரணைக்கு வந்தது. அதற்குள் வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அரசு செலவில் கிடைத்த வக்கீல் டோலோரஸ் க்வின் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த பெண்மணி. முதல் நாள் பதினோரு கடிதங்களையும் படித்துவிட்டு, "குற்றத்தை ஒத்துக்க வேணாம்," என்றாள்.

"நான்தானே கிழிச்சேன்?"

"கிழிச்சீங்க. ஒத்துக்கிட்டா பத்து நிமிஷத்துல முடிச்சு அனுப்பிடுவாங்க. ஒத்துக்கலைன்னா அவங்க நிரூபிக்கணும். நிரூபிக்கட்டும்."

டாக்டர் ப்ளைத் சாம்பல் நிற சூட்டில் சாட்சிக் கூண்டேறினார். அரசு வக்கீல், திருட்டுக்கு நோக்கம் இருந்ததைக் காட்ட விரும்பினார். கிழிந்த பக்கத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"906-ஆம் பாலப் பட்டாள வரலாறு, பக்கம் அறுபத்தொன்னு," என்றார் ப்ளைத். கண்ணாடியைக் கூடப் போடவில்லை. "உலகத்துல எங்களுக்குத் தெரிஞ்சு ஒரே பிரதி. காகிதம், மை, அச்சு எல்லாத்தையும் சோதிச்சிருக்கோம். ஐயத்துக்கே இடமில்லை. 1950 டிசம்பர்ல கொரியாவோட வடக்குல எடுத்த படம்."

"குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் குறிப்பா இந்தப் பக்கத்தைக் கிழிக்கணும்?"

"ஏன்னா மூணாவதா நிக்கிறது அவர்தான்."

டோலோரஸ் க்வின் மெதுவாக எழுந்தாள். "டாக்டர், கீழ வாண்ட்ரான்னு போட்டிருக்கே?"

"அச்சுப் பிழை, மேடம்," என்று ப்ளைத் பரிவோடு புன்னகைத்தார். "அந்தக் காலப் பட்டாள வரலாறுகள்ல ரொம்ப சகஜம். ஜப்பான்ல அச்சுக் கோத்தாங்க. பாமர ஆள் ஏமாறலாம், நிபுணர் ஏமாற மாட்டார். எங்க குழு காது மடல்களை அளந்து ஒப்பிட்டுச்சு. அவரேதான்."

"எப்போ ஒப்பிட்டாங்க?"

"போன ஜூன்லயே."

"செப்டம்பர்ல, தாங்கள் அவர் அல்லர்னு கடிதம் அனுப்பியிருக்கீங்க."

"அது அவருக்கு. உள் அறிக்கை வேற. ஆய்வு முடிவுகளை ஆய்வாளர்களுக்குத்தான் தர்றது எங்க வழக்கம். அவர் ஆய்வாளர் இல்லை."

"அவர் என்ன, உங்க பார்வையில?"

ப்ளைத் உண்மையாகவே யோசித்தார். "மூலப்பொருள்," என்றார். "மரியாதையோடதான் சொல்றேன். ஆனா மூலப்பொருள் தானா கிளம்பி வந்து கேள்வி கேட்க ஆரம்பிச்சா எந்த ஆவணக் காப்பகமும் நடத்த முடியாது. நாங்க வீரர்களை ரொம்ப நேசிக்கிறோம். அவங்களுக்கு வேண்டிய எல்லாத்தையும் அவங்க காலத்துக்கு அப்புறம் செய்யக் காத்திருக்கோம்."

கடைசி வரிசையில் இருந்த அர்லீன் கைப்பையை மூடித் திறந்து மூடினாள்.

நீதிபதி லோவெல்லைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆயுளுக்கும் மையத்தின் வாசலை மிதிக்கத் தடை. காலைப் பார்த்துவிட்டு, 'மிதிக்க' என்பதை 'நுழைய' என்று மாற்றச் சொன்னார். தீர்ப்பின் நான்காம் பத்தியில், குற்றவாளி 1950 டிசம்பரில் 906-ஆம் பாலப் பட்டாளத்தில் கொரியாவின் வடக்கே பணிபுரிந்தவர் என்பது நிபுணர் சாட்சியத்தால் ஐயமற நிறுவப்பட்டது என்று இருந்தது. டோலோரஸ் க்வின் முத்திரையிட்ட பிரதியை அன்று மாலையே கோரிக்கை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

ஒன்பதே நாளில் பதில் வந்தது. அந்த மாவட்டத்தில் அவ்வளவு வேகமாக எந்தக் கோரிக்கையும் தீர்ந்ததில்லை என்றார்கள். வலது பாதத்துக்குச் சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. இடது பாதம் ஆய்வுக்கு ஆஜர்படுத்தப்படாததால் அதைப் பொறுத்தவரை கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பாதப் பிரிவில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். நல்ல டாக்டர்கள். இன்னொரு விரலை எடுத்தார்கள், மூன்றைக் காப்பாற்றினார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, அர்லீனின் முகத்தைப் பார்த்து, கட்டு மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் போன் அடித்தது. வெந்நீர்ப் பாத்திரத்தையும் பஞ்சையும் அப்போதுதான் மேசையில் வைத்திருந்தாள் அர்லீன். எதிரே லோவெல் வலது காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் மையத்துலேர்ந்து கோரின். மிஸ்டர் வோண்ட்ராவோட சேவைக்கு நன்றி. 906 சம்பந்தமா நீதிமன்ற முத்திரையோட ஒரு ஆவணம் வந்திருக்குன்னு டாக்டர் ப்ளைத் சொன்னார். ஐம்பது வருஷத்துல அந்தப் பட்டாளத்தைப் பத்தி வந்த புது ஆவணம் அது ஒன்னுதான். எங்ககிட்ட இல்ல. உங்க பிரதியைத் தானமா கொடுத்தா பதினெட்டு டிகிரில வச்சுப் பாத்துப்போம். உங்க கடிதச் சேகரிப்பையும் சேர்த்துக் கொடுத்தா ரொம்ப நல்லது."

அர்லீன் ஸ்டூலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு கால் மிச்சம் இருக்கும்மா," என்றாள். "அதையும் அனுப்பிவைக்கவா?"

மறுமுனையில் கோரின் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அது அச்சானது இல்லையே மேடம். எங்க சேகரிப்புக் கொள்கைல உடற்பகுதி வராதுன்னு நினைக்கிறேன். ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, சரியான வாசகத்தைப் படிச்சுக் காட்டுறேன்."

அர்லீன் ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்தாள். ஸ்டூலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய கட்டின் முனையைத் தேடிப் பிடித்து, அவருக்கு வலிக்காமல் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ரிசீவருக்குள் கோரின் முதல் பிரிவை முடித்து, இரண்டாம் பிரிவின் உட்பிரிவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.